முதல் ஆறு நம்பர்

போன வாரம் அறந்தாங்கிலேர்ந்து பெரியப்பா பையன் வாட்ஸ்அப்ல கூப்பிட்டான். சும்மா நலம் விசாரிச்சுட்டு மெதுவா விஷயத்துக்கு வந்தான். அவன் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், பசங்களோட சேர்ந்து பீர் அடிச்சிருக்கான், சட்டைல வாடை வந்து அம்மாகிட்ட மாட்டிக்கிட்டான். "அவனை அடிச்சு என்னடா ஆகப்போகுது, பேசாம மாசத்துக்கு ஒரு நாள் நானே வீட்ல வச்சு ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்துட்டா வெளிய போயி கண்டதையும் குடிக்க மாட்டான்ல, நீ அங்க கடைலதான நிக்கிற, உனக்குத் தெரியாததா"ன்னு கேட்டான். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஏன்னா இதே வார்த்தையை நானும் என் வீட்டுக்காரிகிட்ட சொன்னவன்தான். அவனுக்கு போன்ல என்னத்தையோ சொல்லி மழுப்பிட்டேன். சொல்ல விட்டதத்தான் இங்க எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் இருக்கிறது தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த். 2006ல ஒரு கோயில் கோபுர வேலைக்கு சுதை வேலை பண்ற கோஷ்டியோட வந்தேன், இங்கயே ஒரு தமிழ்க் குடும்பத்துல பொண்ணு எடுத்து இங்கயே தங்கிட்டேன். தமிழ்க் குடும்பம்னா, 1860ல ட்ரூரோன்னு ஒரு கப்பல் மெட்ராஸ்லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு வந்துச்சுல்ல, அந்த வழில வந்த ஜனங்க. வீட்ல பேசறது இங்கிலீஷ்தான், ஆனா ஆயா, தாத்தா, பெரியம்மா எல்லாம் அப்படியே இருக்கு, ஆடி மாசம் கூழ் ஊத்தறது இருக்கு, காவடி இருக்கு. கோயில் வேலை குறைஞ்சதும் 2016லேர்ந்து ஒரு பாட்டில் ஸ்டோர்ல கவுண்டர்ல நிக்கிறேன். நம்ம ஊர்ல ஒயின் ஷாப்புன்னு சொல்றமே, அதத்தான் இங்க பாட்டில் ஸ்டோர்ம்பாங்க. முதலாளியை எல்லாரும் அங்கிள்னுதான் கூப்பிடுவோம், நாலாவது தலைமுறைத் தமிழர், என்னை மட்டும் தம்பின்னு கூப்பிடுவார், மத்தபடி பேச்சு பூரா இங்கிலீஷ், நான் இங்க தமிழ்ல எழுதறேன் அவ்வளவுதான்.

சேந்த முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒருத்தன் வந்தான், என்னை விட உயரம், தாடி நல்லா அடர்த்தியா இருந்துச்சு, சைடர் (ஆப்பிள்ல பண்ற பீர் மாதிரி சரக்கு) ஒரு சிக்ஸ் பேக் வச்சான், நானும் பில் போட்டு குடுத்துட்டேன். அங்கிள் உள்ளேர்ந்து சிசிடிவில பாத்துட்டு ஓடி வந்தார், பையன் அதுக்குள்ள போயிட்டான். "அவன் கிரேட் 10 படிக்கிறான் தம்பி, அவங்கப்பாவை எனக்குத் தெரியும்"னாரு. தாடியைப் பாத்தேன் அங்கிள்னேன். "தாடிய வச்சு வயசு பாத்தா பாதி குஜராத்திப் பசங்க 14 வயசுல பாட்டில் வாங்கிடுவானுங்க"ன்னு சொல்லிட்டு (அவர் சொன்னதுதான், சண்டைக்கு வராதீங்க) ஐடி பாக்கறது எப்படின்னு சொல்லிக் குடுத்தார். இங்க ஐடி நம்பர் 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, வருஷம் ரெண்டு, மாசம் ரெண்டு, நாள் ரெண்டு. "முகத்தைப் பாக்காத, முதல் ஆறைப் பாரு. 08ன்னு ஆரம்பிச்சா கையை விரி, 07ன்னா மாசத்தையும் தேதியையும் பாரு, 06ன்னா போட்டோவைப் பாரு, அண்ணன் கார்டான்னு." இது 2025 கணக்கு, வருஷா வருஷம் ஒண்ணு கூட்டிக்கணும்.

அண்ணன் கார்டுங்கறது பெரிய கதை. ஒரே ஜாடை, கூட பிறந்தவன், போட்டோவும் பழசு, யாருக்குத் தெரியும். நான் என்ன பண்ணுவேன்னா கார்டைக் கைல வச்சுக்கிட்டு "உன் பிறந்தநாள் என்ன கிழமை வந்துச்சு இந்த வருஷம்"னு கேப்பேன். சொந்தப் பிறந்தநாள்னா யோசிச்சாவது சொல்லுவான், அண்ணன் பிறந்தநாள்னா முழிப்பான். அப்புறம் பார்க்கிங்ல காருக்குக் காவல் நிக்கிறவங்க இருக்காங்கல்ல, கார் கார்டு, அவங்ககிட்ட 20 ரேண்ட் குடுத்து வாங்கச் சொல்றது, அது அடுத்த ரகம். ஆனா இத்தனை வருஷத்துல நான் கண்ணால பாத்ததுல அதிகம் இந்த ரெண்டும் இல்ல. அப்பா, மாமா, பெரிய கசின், இவங்கதான். கார்ல பசங்களை வச்சுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போவாங்க. எனக்கே முத முத வாங்கிக் குடுத்தது யாரு, எங்க மாமா பையன், கல்யாண வீட்டு மொட்டைமாடில, எனக்கு 17. தமிழ்நாட்டுல சட்டப்படி 21. யாரும் 21ன்னு ஒரு நம்பர் இருக்குன்னே அன்னிக்கு எனக்குச் சொல்லல.

அங்கிள் இந்த ஐடி விஷயத்துல ஏன் இவ்வளவு கறார்னு முதல்ல எனக்குப் புரியல, லைசென்ஸ் போயிடும்ங்கற பயம்னு நெனச்சேன். அதுவும் உண்டு. ஒரு நாள் மழை, வியாபாரம் இல்ல, அப்ப பழைய கதை சொன்னார். 1962 வரைக்கும் இந்த நாட்டுல கறுப்பின ஜனங்க வெள்ளைக்காரன் சரக்கு வாங்கவே கூடாது, சட்டப்படி. அதுக்குப் பதிலா டர்பன்ல நகராட்சியே சோள பீர் காச்சி சொந்தமா பீர் ஹால் நடத்துச்சு, 1900கள்ல ஆரம்பிச்சது, அதுல வர்ற லாபத்துலதான் அவங்களை அடக்கி ஆள்ற நிர்வாகத்தையே நடத்துனாங்க. வீட்ல பொம்பளைங்க காச்சினா போலீஸ் வந்து கொட்டிட்டுப் போகும். 1959ல இங்க டர்பன் கேட்டோ மேனர்ல பொம்பளைங்க கம்பை எடுத்துக்கிட்டு பீர் ஹாலுக்குள்ள பூந்துட்டாங்க. 1976ல ஜோகன்னஸ்பர்க் பக்கம் சொவெட்டோல கறுப்பினப் பள்ளிக்கூடப் பசங்க அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பினப்ப அவங்க கொளுத்தினதுல பீர் ஹாலும் பாட்டில் ஸ்டோரும் சேர்த்தி, எங்கப்பன் சம்பளம் பூரா இங்கதான் போகுதுன்னு அவங்களுக்குக் கோபம். நான் கேட்டேன், அப்ப நிறத்தைப் பாத்து இல்லன்னாங்க, இப்ப வயசைப் பாத்து இல்லங்கறோம், ரெண்டும் ஒண்ணுதான அங்கிள். அவர் சிரிச்சார். "எங்கப்பாவோட கூட்டாளி சாகற வரைக்கும் கறுப்பாவேதான் இருந்தார் தம்பி. நாம இன்னிக்குத் திருப்பி அனுப்பற பய அடுத்த வருஷம் ஏப்ரல்ல வயசு வந்து கேட்டா நானே பாட்டிலைத் துடைச்சுக் குடுப்பேன்." அதுக்கு மேல அவர் விளக்கல, எனக்கும் தேவைப்படல.

சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வரேன்.

2024 டிசம்பர் 31. இங்க ஓல்ட் இயர்ஸ் நைட்டுன்னு சொல்லுவாங்க, தீபாவளி மாதிரி வெடி வெடிப்பாங்க, வீட்டுக்கு வீடு ப்ராய் போட்டு கறி சுடுவாங்க. எங்க வீட்லதான் அந்த வருஷம். மச்சான் குடும்பம், பக்கத்து வீடு, என் பையனோட கூட்டாளிங்க நாலு பேர். பையனுக்கு 16. கடைல எட்டு வருஷமா வேலை செஞ்சதுல எனக்கு ஒரு மண்டைக்கனம், எனக்கு இதப்பத்தி தெரியாததான்னு. வீட்டுக்காரி வேண்டாம்னா. "வெளிய போயி திருட்டுத்தனமா குடிக்கிறதுக்கு என் கண்ணு முன்னாடி குடிக்கட்டும், சட்டமே அப்பா குடுக்கலாம்னு சொல்லுது"ன்னு சொன்னேன். அது பொய் இல்ல. 2003 மதுச் சட்டத்துல அப்படி ஒரு பிரிவு இருக்கு. 18க்குக் கீழ யாருக்கும் விக்கவோ குடுக்கவோ கூடாது, ஆனா பெத்தவங்களோ கார்டியனோ எப்பவாவது, கொஞ்சமா, தன் கண்பார்வைல வச்சுக் குடுக்கலாம், சர்ச்சுல ஒயின் குடுக்கற பாதிரியாருக்கும் அதே மாதிரி விலக்கு. நான் பையனுக்கு ஒரு டம்பி குடுத்தேன், டம்பின்னா 340 மில்லி பீர் பாட்டில். கூட்டாளிங்க நாலு பேரும் என் மூஞ்சியையே பாத்தானுங்க. அவனுக்கு மட்டும் குடுத்துட்டு இவனுங்களுக்கு இல்லன்னு எப்படிடா சொல்றதுன்னு, ஆளுக்கு ஒண்ணு குடுத்து "இதோட முடிஞ்சுது"ன்னு சொன்னேன். அந்த எடத்துலயே சட்டத்தைத் தாண்டிட்டேன், என் புள்ளைக்கு நான் அப்பா, அவனுங்களுக்கு நான் யாரு? அப்ப அது தோணவே இல்ல.

அப்புறம் நான் கறி சுடப் போயிட்டேன். கண்பார்வைன்னு சட்டத்துல இருக்கே, அந்தக் கண்ணு எங்க இருந்துச்சுன்னா ஆட்டுத் தொடைல இருந்துச்சு.

பதினொண்ணேகால் மணி இருக்கும். பையன் ஓடி வந்து "டாடி, அவன் எழுந்துக்க மாட்டேங்கறான்"னான். கூட்டாளிங்கள்லயே சின்னவன், 15 வயசு, ஒல்லி, 48 கிலோ கூட இருக்க மாட்டான். கராஜுல மல்லாக்கக் கெடக்கறான். மச்சானோட கேன் பாட்டில் பக்கத்துல. கேன்னா கரும்புச் சாராயம், வெள்ளையா தண்ணி மாதிரி இருக்கும், 43 சதவீதம், கோக்கோட கலந்தா நாக்குக்கு ஒண்ணுமே தெரியாது. பெரிய கோக் கிளாஸ்ல பாதிக்குப் பாதி ஊத்தி ரெண்டு கிளாஸ், அரை மணி நேரத்துக்குள்ள. அப்புறமா நான் உக்காந்து கணக்குப் போட்டேன். பாதி கிளாஸ் 150 மில்லி, இங்க பார்ல ஒரு டாட் 25 மில்லி, அப்ப ஆறு டாட், ரெண்டு கிளாஸுக்குப் பன்னண்டு. பீர்ல சொன்னா ஏழு எட்டு டம்பிக்குச் சமம். என் உடம்புக்கே அது ஜாஸ்தி, அந்தப் பையன் உடம்புக்கு அது விஷம்.

நான் பண்ணது எல்லாமே தப்பு, வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும். மூஞ்சில ஐஸ் தண்ணி அடிச்சேன். கன்னத்துல தட்டினேன். மச்சான் கறுப்புக் காபி போட்டுக்கிட்டு வந்து வாயில ஊத்தப் பாத்தான். அப்புறம் "தூங்கட்டும், காலைல சரியாயிடும், பாபலாஸ் வரும் அவ்வளவுதான்"னு சொன்னான் (ஹேங்ஓவருக்கு இங்க அதான் பேரு), நானும் சரின்னு தலையணை வச்சு மல்லாக்கப் படுக்க வச்சேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ரிட்டயர் ஆன நர்ஸ், நைட்டியோட ஓடி வந்தாங்க. வந்ததும் எல்லாரையும் தள்ளிட்டு அவனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க, மேல் காலை மடக்கி முன்னால வச்சு, கையைக் கன்னத்துக்கு அடில குடுத்து, வாயைத் தரைப் பக்கம் சாச்சு. அடுத்த நிமிஷம் வாந்தி. மல்லாக்க இருந்திருந்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கும், போதை தலைக்கேறிட்டா தொண்டை தானா இருமித் தள்ளாது. "காபி குடுத்தா போதை இறங்காது, குளிர்ந்த தண்ணி ஊத்தினா ஏற்கனவே இறங்கிட்ட உடம்புச் சூடு இன்னும் இறங்கும், கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிரிங்க்தான் கழிக்கும், அதை நீ எதைப் பண்ணியும் வேகப்படுத்த முடியாது"ன்னு திட்டிக்கிட்டே மூச்சை எண்ணுனாங்க. நிமிஷத்துக்கு ஏழோ எட்டோ. உதடு நீலமா இருந்துச்சு. போர்வையைச் சுத்தி அவங்க கார்லயே தூக்கிப் போட்டு கிளம்பிட்டோம், ஆன்ட்டி பின் சீட்ல அவன் தாடையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. கூட நர்ஸ் இருந்ததால அப்படிப் போனோம், இல்லன்னா 10177க்கு அடிக்கணும், செல்லுலேர்ந்து 112, போன்ல அவங்க சொல்றபடி செய்யணும். பன்னண்டு மணிக்கு ஊரே வெடி வெடிக்குது, நான் ராபாட்ல (சிக்னலுக்கு இங்க ராபாட்டும்பாங்க) நின்னுக்கிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எல்லாச் சாமியையும் கூப்பிடறேன். அதுல இன்னொண்ணு, நானும் ரெண்டு பெக் போட்டிருந்தேன். இங்க ரத்தத்துல 0.05க்கு மேல இருந்தா உள்ள. ஆன்ட்டி "நீ எறங்கு"ன்னு என்னைத் திட்டி அவங்க மகளை ஓட்டச் சொன்னது பாதி வழில.

காஷுவால்டில முதல்ல விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க. கீழ போயிருந்துச்சு. அந்த டாக்டர் சின்னப் பொண்ணு, ராத்திரி ஷிப்ட், கண்ணெல்லாம் செவந்து கெடக்கு, ஆனா நின்னு சொன்னாங்க. சாராயம் உள்ள போனா கல்லீரல் மத்த வேலையெல்லாம் விட்டுட்டு அதையே கவனிக்கும், ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்பறது நின்னுடும். பெரியவங்களுக்கு கல்லீரல்ல கையிருப்பு இருக்கும், சின்ன உடம்புல கம்மி, அதுவும் சாப்பிடாம குடிச்சா இன்னும் மோசம். இவனுங்க கறி வர்றதுக்கு முன்னாடியே குடிச்சுட்டானுங்க. குளுக்கோஸ் ஏத்தி, ஆக்சிஜன் வச்சு, காலைல ஆறரைக்குக் கண்ணைத் தொறந்தான்.

காத்திருந்த நேரத்துல அந்த டாக்டர்கிட்ட கேட்டேன், நாங்கெல்லாம் 17ல குடிச்சோம், இப்படி விழுந்ததில்லையேன்னு. அவங்க சொன்னது எனக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லாதது. பெரியவங்களுக்கு ரெண்டு மூணு உள்ள போனா தள்ளாட்டமும் தூக்கமும் வந்துடும், உடம்பே போதும்னு சொல்லிடும். விடலை வயசு மூளைல அந்தத் தூக்கம் லேட்டா வருதுன்னு எலிகளை வச்சுப் பண்ண ஆராய்ச்சில பாத்திருக்காங்க. அதனால குடிச்சுக்கிட்டே போவான், நல்லாத்தான் இருக்கேன்னு நெனப்பான், ஆனா ஞாபகத்தையும் நிதானத்தையும் வச்சிருக்கற பாகத்துக்கு அடி பெரியவங்களை விட அதிகம். சந்தோஷத்துக்கு ஆசைப்படற பாகம் 14, 15லயே முழு வேகத்துல ஓட ஆரம்பிச்சுடும், பிரேக் போடற முன்மூளை முழுசா வளர 25 ஆகும். அப்ப 25ன்னே சட்டம் போட வேண்டியதுதானன்னு கேட்டேன். "போடலாம், உங்க டெல்லில 25தான் இருக்கு. நீங்க இந்தியால யாராவது 24 வயசுக்காரனைக் குடிக்க விடாம நிறுத்தியிருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க.

விடியற நேரத்துல அந்தச் சின்னவனோட அம்மா வந்தாங்க. தனியா வளக்கற அம்மா, நைட் ஷிப்ட் முடிச்சு யூனிபார்மோட வந்தாங்க. என்னைத் திட்டுவாங்க, அடிப்பாங்க கூடன்னு நெனச்சேன். ஒண்ணும் பண்ணல. மகனைப் பாத்துட்டு வெளிய வந்து ரொம்ப மெதுவா, "அண்ணா, நீங்க பாட்டில் ஸ்டோர்ல வேலை செய்யறவர்னுதான் நம்பி அனுப்பினேன். உங்களுக்கு வயசு பாக்கத் தெரியும்ல"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் இதையே தேடித் தேடிப் படிச்சேன், தூக்கம் வராத ராத்திரில வேற என்ன பண்றது. என் நெனப்புக்கு முதல் அடி ஆஸ்திரேலியா ஆய்வு. 1900 சொச்சம் பசங்களை ஆறு வருஷம் தொடர்ந்து பாத்திருக்காங்க, அப்பா அம்மா வீட்ல ஊத்திக் குடுத்த பசங்க வெளிய குடிக்காம இருந்தாங்களான்னு. இல்ல. வீட்ல கெடைச்ச பசங்கதான் அடுத்த வருஷம் வெளிலயும் அதிகமா வாங்கிக் குடிச்சிருக்காங்க, வீட்ல பழக்கினதால ஒரு பாதுகாப்பும் கெடைக்கல. என் பையன் இதை ஒரே வரில சொன்னான், நான் அவன்கிட்ட ஏண்டா கேன் பாட்டில எடுத்தீங்கன்னு கேட்டப்ப: "நீங்களே குடுத்தீங்கல்ல டாடி, அப்ப இன்னிக்கு ஓகேன்னு நெனச்சோம்." நான் குடுத்தது ஒரு டம்பின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவனுங்க வாங்கிக்கிட்டது அனுமதி. ஆளுக்கு 340 மில்லின்னு அதுல அளவு எதுவும் எழுதல.

இன்னொண்ணு அமெரிக்கக் கணக்கு. 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல குடிக்கு அடிமையாற நிலை வந்திருக்கு, 20க்கு மேல ஆரம்பிச்சவங்கள்ல சுமார் 10 பேருக்கு. சீக்கிரம் ஆரம்பிக்கறவன் வீட்ல ஏற்கனவே பிரச்சனை இருந்திருக்கலாம்னு சொல்லுவாங்க, அது நியாயமான பேச்சுதான், முழுக்க முழுக்க குடியாலேயேன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா ரோட்டுக் கணக்குல அந்த வாதம் எடுபடாது. அமெரிக்கால 1970கள்ல நிறைய மாநிலம் வயசை 18, 19ன்னு கொறைச்சாங்க, சின்னப் பசங்க வண்டி விபத்து ஏறுச்சு. ஒரு மாநிலத்துல 21, பக்கத்து மாநிலத்துல 18ன்னா பசங்க எல்லை தாண்டிப் போயி குடிச்சுட்டு ராத்திரி வண்டி ஓட்டிக்கிட்டு வருவானுங்க, வர்ற வழில சாவு. 1984ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு, 21 ஆக்கலன்னா ரோட்டுக்குக் குடுக்கற பணத்துல கொஞ்சம் வெட்டிடுவேன்னு. 1988க்குள்ள எல்லா மாநிலமும் வழிக்கு வந்துச்சு. வயசை ஏத்தின எடங்கள்ல அந்த வயசுக்காரங்க விபத்து நடுவாந்திரமா 16 சதவீதம் கொறைஞ்சதுன்னு கணக்கு. நியூசிலாந்து தலைகீழா பண்ணாங்க, 1999ல 20லேர்ந்து 18க்கு எறக்கினாங்க, விடலைப் பசங்க விபத்து கூடிச்சு. எங்க ஊர்லயும் 18லதான் கார் லைசென்ஸ் எடுக்க முடியும், 18லயே பாட்டிலும். ரெண்டையும் ஒரே நாள்ல கைல குடுக்கறோம், இது எனக்கு இன்னும் ஒப்பல.

ஜெர்மனில 16ல பீர் குடுக்கறாங்களேன்னு கடைல ஒருத்தர் கேட்டார். குடுக்கறாங்க. அந்த ஊர்ல 16 வயசுக்காரன் ராத்திரி ட்ரெயின்ல வீட்டுக்குப் போவான், இங்க கூட்டாளி ஓட்டற பக்கில (பிக்கப் வண்டிக்கு இங்க அதான் பேரு) பின்னாடி உக்காந்து போவான்.

இங்கயும் 21 ஆக்கணும்னு 2016ல ஒரு வரைவு மசோதா வந்துச்சு, இன்னும் சட்டமாகல. அங்கிள் அதை எதிர்க்கறவர். 19 வயசுக்காரனை நான் வெரட்டினா அவன் ஷெபீனுக்கு, அதாவது லைசென்ஸ் இல்லாத சரக்குக் கடைக்குப் போவான், அங்க ஐடியும் இல்ல கணக்கும் இல்லன்னுவார். வியாபாரிப் பேச்சுதான், ஆனா முழுப் பொய்யும் இல்ல. கொரோனா சமயத்துல பாத்தோமே. 2020 மார்ச் 27 லாக்டவுன்ல சரக்கு விக்கறதே தடை, ஜூன் 1 தொறந்தாங்க, ஜூலைல திரும்ப மூடினாங்க, ஆகஸ்டுல தொறந்து டிசம்பர் கடைசில மறுபடி மூடினாங்க. ஒரு பக்கம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட பழைய சகாக்கள் எல்லாம் காஷுவால்டில கத்திக்குத்து, விபத்து கேஸ் இல்லாம வார்டு காலியா இருக்குன்னு சொன்னாங்க. இன்னொரு பக்கம் மார்க்கெட்ல அன்னாசிப்பழம் கெடைக்கல, எல்லாரும் வீட்ல ஈஸ்ட் போட்டு அன்னாசி பீர் காச்சினாங்க, எங்க மச்சான் காச்சினது வெடிச்சு சீலிங் பூரா. ஊருக்கே தடைன்னா ஊரே சேந்து ஏமாத்தும். 18ன்னா அப்படி இல்ல, பெரும்பாலானவங்களுக்கு அதுல இழப்பு ஒண்ணும் இல்ல, கொஞ்ச வருஷம் காத்திருக்கச் சொல்றோம், அவ்வளவுதான். ஆனா அதைக் காப்பாத்த வேண்டிய ஆளு போலீஸ் இல்ல. 2022 ஜூன் 26, இங்க தென்னாப்பிரிக்காலயே ஈஸ்ட் லண்டன்ங்கற ஊர்ல ஒரு டேவர்ன்ல, பார் மாதிரி எடம் அது, 21 இளசுங்க ஒரே ராத்திரில செத்தாங்க, அதுல சின்னதுக்கு 13 வயசு. எதனால செத்தாங்கங்கறது பெரிய வழக்காப் போச்சு, நான் அதுக்குள்ள போகல, 13 வயசுப் புள்ளை அந்த வாசலைத் தாண்டினப்ப வாசல்ல யாரோ ஒரு பெரியவர் நின்னிருப்பார்ல, எனக்கு அதுதான் ஓடிக்கிட்டே இருக்கு.

இப்ப என் வீட்ல நான் என்ன பண்றேன்னு சொல்றேன், அறந்தாங்கிக்காரனுக்கு இதான் பதில். வீட்ல பசங்க கூடினா சரக்கு இருக்கற அலமாரிக்குப் பூட்டு, சாவி வீட்டுக்காரிகிட்ட, என்கிட்ட கூட இல்ல. அன்னிக்கு ராத்திரி ஒரு பெரியவர் குடிக்கவே கூடாது, அது முறை போட்டு வச்சிருக்கோம், யாராவது ஒருத்தர் வண்டி ஓட்டற நிலைல இருக்கணும். சாப்பாடு முதல்ல, ஏழு மணிக்கே. மத்தவங்க புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு போன் பண்ணி "எங்க வீட்ல பசங்களுக்குக் குடுக்கறது இல்ல"ன்னு சொல்லிடறேன், முதல்ல கூச்சமா இருந்துச்சு, ஆனா பாதிப் பேரு நிம்மதியா மூச்சு விடறது போன்லயே கேக்குது. பையன்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், எங்க எந்த நெலமைல இருந்தாலும், நீயே குடிச்சிருந்தாலும், கூட்டாளி விழுந்தா எனக்கோ ஆம்புலன்ஸுக்கோ அடி, அன்னிக்கு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். அந்த ராத்திரி அவனுங்க என்கிட்ட சொல்ல இருபது நிமிஷம் தயங்கியிருக்கானுங்க, திட்டுவேன்னு பயந்து. அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு இன்னமும் வயித்தைக் கலக்குது. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கறதை அஞ்சு பேருக்கும் ஆன்ட்டியே ஹால்ல பாய் போட்டு சொல்லிக் குடுத்தாங்க, சிரிச்சுக்கிட்டேதான் கத்துக்கிட்டானுங்க, பரவால்ல.

பையனுக்குச் சட்டத்தை எப்படிச் சொல்றதுன்னு முழிச்சேன். 17 வருஷம் 364 நாள்ல விஷம், மறுநாள் பானமான்னு கேக்கறான், வாய் நீளம், நல்லாத்தான் கேக்கறான். மறுநாள் ஒண்ணும் மாறாதுன்னுதான் சொன்னேன். மூளைக்குத் தேதி தெரியாது. ஆனா நான் கவுண்டர்ல நிக்கறப்ப ஒவ்வொரு பையனோட பக்குவத்தையும் எடை போட முடியாதுடா, எடை போட ஆரம்பிச்சா எனக்குப் பிடிச்சவன், தெரிஞ்சவன், தாடி வச்சவன் எல்லாம் பக்குவமானவனாத்தான் தெரிவான். வீட்லயும் அதேதான், என் புள்ளை பொறுப்பானவன்னு எந்த அப்பனுக்குத் தோணாது. நம்பர் இருந்தா நான் உன்னைப் பிடிக்காமச் சொல்றேன்னு ஆகாது, சண்டை இல்லாம இல்லங்கலாம். அவன் தோளைக் குலுக்கிட்டுப் போயிட்டான். ஒத்துக்கிட்டானான்னு தெரியல.

அந்தச் சின்னவன் நல்லா இருக்கான். அவங்கம்மா மறுபடி எங்க வீட்டுக்கு அவனை அனுப்ப ஏழு மாசம் ஆச்சு. ஆடிக் கூழுக்கு வந்தான், ரெண்டு சொம்பு குடிச்சான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வந்தார், 45 வயசு இருக்கும், கூட ஒரு பையன், ஸ்கூல் ஷூ இன்னும் கால்ல இருக்கு. அவர் ப்ரிட்ஜ்லேர்ந்து பிராண்டி கோக் டின் எடுத்து பையன்கிட்ட காட்டி "இதா, அதா"ன்னு கேக்கறார். நான் பில் போட மாட்டேன்னு சொன்னேன். என் காசு, என் ஐடி, என் தங்கச்சி பையன், அவன் டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கான், உனக்கென்ன வந்துச்சுன்னு சத்தம் போட்டார். அங்கிள் உள்ளேர்ந்து எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பிக்கிட்டார், அப்படின்னா நான் சொன்னது சரின்னு அர்த்தம். வரிசைல நின்னவங்க எல்லாரும் போனை நோண்டறாங்க. அவர் டின்னை கவுண்டர்லயே வச்சுட்டு எதிர்க் கடைக்குக் கிளம்பினார். ஐஸ் பாக்கெட்டுக்கு மட்டும் ஏற்கனவே காசு குடுத்தாச்சு, அந்தப் பையன் அதை மாரோட அணைச்சுக்கிட்டு, ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்துட்டு, அவர் பின்னாடியே ரோட்டைக் கடந்தான்.